மாஸ்டரின் தோளும் என் முட்டியும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நான்காவது என் தங்கச்சியின் மகள் வசந்தி. தங்கச்சி கண்ணை மூடியபோது அவளுக்கு இரண்டு வயது. அன்றிலிருந்து அவள் என் பிள்ளை. இன்று வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்த மாடியில் நடன வகுப்பு நடத்துகிற வசந்தி ரீச்சர் அவள்தான்.

இதை எழுதச் சொன்னதும் அவள்தான். எங்கள் நாடகங்களுக்கு ஆட்டம் அமைத்த மாஸ்டரின் நினைவாக வகுப்பில் ஒரு மலர் போடுகிறார்கள். அவரோடு வேலை செய்தவர்களில் இங்கே மிச்சம் நான் ஒருத்தி. மற்றவர்கள் கனடாவில் இருக்கிறார்கள், அல்லது இல்லை. "பெரியம்மா, மாஸ்டர் எப்படி வேலை செய்வாரு, அவர் பாணி எப்படி வந்துச்சு, எல்லாம் சொல்லுங்க" என்றாள். போகிறபோது வாசலில் நின்று ஒன்று சேர்த்தாள். "கால் கதை மட்டும் வேணாம்."

நான் கொட்டாஞ்சேனையில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் வாசிப்பேன். அதற்கு மேல் விரல் வளையாது. ஆகவே நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கவிதா எழுதுகிறாள். நான் பேசுவதைப் புத்தகத் தமிழாக்குவது அவள் பொறுப்பு. ஒன்றையும் விடக்கூடாது, ஒன்றையும் கூட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவசரப்படுத்தவும் கூடாது.

மாஸ்டருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. பகலில் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளார்க். மாலையில் நேரே கொட்டாஞ்சேனையில் நாங்கள் நாடகம் பழகுகிற மண்டபத்துக்கு வருவார். முழுக்கைச் சட்டை, கையில் சுருட்டிய பேப்பர். வந்ததும் ஒரு இஞ்சிப் பிளேன்ரீ. குடித்து முடியும்வரை யாரோடும் கதைக்க மாட்டார். அந்தப் பேப்பரால் மேசையில் தட்டித்தான் தாளம் போடுவார். யாழ்ப்பாணத்து மனிதர். எல்லாரையும் 'நீர்' என்பார். கோபம் வந்தால்தான் 'நீங்கள்' என்பார். அவர் 'நீங்கள்' என்று தொடங்கினால் மண்டபத்தில் மூச்சுச் சத்தம் கேட்காது.

நன்றாக ஆடினால் நல்லது என்று சொல்ல மாட்டார். "அடுத்தது" என்பார். அந்த ஒரு 'அடுத்தது'க்காக நாங்கள் இரவுச் சாப்பாட்டை மறந்து நின்றிருக்கிறோம்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். எனக்குப் பதினேழு வயதில், சந்தைக் காட்சிக்குக் கூடை தூக்கப் பெண்பிள்ளைகள் வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா என்னை மண்டபத்துக்குக் கூட்டிப் போனாள். மற்றப் பிள்ளைகள் கூடையைத் தலையில் வைத்துச் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். கூடையை வைத்ததும் எனக்குக் கழுத்து தானாக உள்ளே போயிற்று. மாஸ்டர் கிட்ட வந்தார்.

"இந்தக் கழுத்தை எங்க பழகினனீர்?"

"பழகலீங்க. பாரம்."

"கூடைக்குள்ள ஒண்டும் இல்லையே."

"இருக்குன்னு நெனைச்சேங்க."

"அடுத்தது" என்றார். என் பயிற்சி அவ்வளவுதான். மிச்சமெல்லாம் செய்து செய்து வந்தது.

என் வேலைக்குப் பெயர் கிடையாது. மாஸ்டர் எந்த ஆட்டத்தையும் முதலில் கதாநாயகிக்குச் சொல்லித்தர மாட்டார். என் உடம்பில் உண்டாக்குவார். பாட்டுக்காரர் ஆர்மோனியப் பெட்டியோடு ஒரு மூலையில் இருப்பார், நான் நடுவில் நிற்பேன், மாஸ்டர் என்னைச் சுற்றி நடப்பார். "கையைத் தூக்கும். பாதி. அதில பாதி. இப்ப கழுத்து மட்டும் திரும்பட்டும்." அப்படியே மாதக்கணக்கில் போகும். முடிந்த பிறகுதான் கதாநாயகியைக் கூப்பிடுவார். அவள் என்னைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். அவள் மேடைக்குப் போவாள், நான் பக்கத் திரைக்குப் பின்னால் நிற்பேன். மாதம் பிறந்தால் மாஸ்டர் தன் சம்பளத்திலிருந்து ஒரு உறையில் வைத்துத் தருவார். நோட்டீஸில் என் பெயர் வராது. நான் கேட்டதுமில்லை.

ஒரு கதாநாயகிக்கு இது பிடிக்கவில்லை. பெயர் வேண்டாம். எனக்கு நேராகச் சொல்லித் தரக்கூடாதா, இவளிடம் நான் படிக்க வேண்டுமா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். மாஸ்டர் பேப்பரை மேசையில் வைத்தார். "தையல்காரன் ஆர்ட சட்டையைத் தைச்சாலும் முதல்ல பொம்மையிலதான் கொழுவிப் பாப்பான், பிள்ளை. உம்மட அளவுக்குப் பிறகு பிடிச்சுத் தாறன்" என்றார். அன்று முழுக்க என்னைப் பொம்மை, பொம்மை என்று பகிடி பண்ணினார்கள். எனக்குக் கோபமில்லை. சட்டை முதலில் பொருந்துவது பொம்மைக்குத்தான். கதாநாயகிகள் வந்தார்கள், போனார்கள். மாஸ்டர் பொம்மையை மாற்றவில்லை.

அவர் வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. இதைக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தது இதனால்தான் விளங்கும். ஆட்டம் ஒரு ஒழுங்குக்கு வந்ததும் மண்டபத்துக்குக் குறுக்கே கொடி கட்டி அதில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிடச் சொல்வார். விரிப்பு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். நாங்கள் அந்தப் பக்கம் ஆட வேண்டும். அவர் இந்தப் பக்கம் ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரிவது எங்கள் கால்கள் மட்டும். பெட்டியும் நின்றுவிடும், பாட்டும் நின்றுவிடும். கால்களைப் பார்த்தே யார் புருஷனோடு சண்டை போட்டவள், யார் பசியில் இருக்கிறவள், கதையில் யாருக்கு யார் மேல் ஆசை என்று சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் ஆட்டத்தைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து. ஒரு தரம் ஒரு பிள்ளை வீட்டில் ஏதோ நடந்து அழுதுவிட்டு வந்திருந்தாள். விரிப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "மூண்டாவது பிள்ளையை வீட்ட அனுப்புங்கோ" என்று சத்தம் வந்தது. அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

இனித் தோள்.

முந்தி அவருடைய ஆட்டங்களில் கை உயரப் போகும். கலவரத்தில், தமிழர் என்று, வெள்ளவத்தையில் அவரை பஸ்ஸிலிருந்து இறக்கி அடித்தார்கள். தோள் எலும்பு உடைந்தது. கப்பலில் ஊருக்குப் போனவர் திரும்பி வர நெடுநாள் ஆயிற்று. வந்த அன்றைக்கு மண்டபத்தில் எட்டுப் பத்துப் பேர்தான் இருந்தோம். அவர் பிளேன்ரீயை இடது கையால் குடித்தார். பழைய ஆட்டம் ஒன்றைச் செய்யச் சொன்னார். நான் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனேன். அதைக் காட்டித்தர அவர் தன் வலது கையைத் தூக்கினார். அது தோள் மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தார். வரவில்லை.

கையை இறக்கிப் பேப்பரை எடுத்தார். பிறகு வந்து சுருட்டிய பேப்பரால் என் கையை மெல்ல அமுக்கினார். தோளுக்குக் கீழே, முழங்கை இடுப்போடு ஒட்டும்வரை.

"இது காணும், இவ்வளவு போதும்" என்றார். "இதுக்குள்ள என்ன செய்யலாம் எண்டு பாப்பம்."

அந்த வருஷம் முழுக்க அதைத்தான் பார்த்தோம். முழங்கை ஒட்டியபடி மணிக்கட்டு என்ன செய்யும், ஒரு விரல் என்ன செய்யும், கை போக வேண்டிய இடத்துக்கு முகம் மட்டும் போனால் என்ன ஆகும். கையை அடக்கி வைத்ததால் ஒரு சின்ன அசைவும் பெரிதாகத் தெரிந்தது. சனம் மூச்சுப் பிடித்துப் பார்த்தது. மற்றக் குழுக்களும் கையை இறக்கின. அதற்குப் பெரிய காரணங்கள் பேப்பரில் வந்தன. மாஸ்டர் அதையெல்லாம் ஆறுதலாக வாசிப்பார், பிறகு சுருட்டித் தாளம் போடுவார். தோளைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. அந்தக் கையை இறக்கியது அவர். பார்த்து, யோசித்து, 'இது காணும்' என்று தன் வாயால் சொல்லி இறக்கினார். அதற்கு நான் சாட்சி.

கடைசி நாடகம் ‘கடலைக்காரி’. கரையோர ரயிலில் கடலை விற்கிற ஒருத்தியின் கதை. வசந்திதான் கதாநாயகி. தாய்க்கும் மகளுக்கும் ஒரே நாடகத்தில் வேலை என்று மண்டபத்தில் பகிடி. எல்லாம் முடிந்து கடைசி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி. கடைசி ரயிலும் போன பிறகு அவள் வெறுங்கூடையோடு மேடை முழுக்க நடந்து போகிறாள். மாஸ்டர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஆட்டம் வேண்டாம் சரோ. நடை போதும். வெறுங்கூடைதான் பாரம். நாளைக்குப் பாப்பம்."

மறுநாள் விடிய, முகம் கழுவப் போன இடத்தில் விழுந்துவிட்டார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஆமாம் என்பதற்கு அவர் ஊரில் சொல்கிற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. ஓம்.

பொரளை ஆஸ்பத்திரிக்கு நான் தினமும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். தண்ணீர் வேணுமா என்றால் ஓம். வேணாமா என்றால் ஓம். சாப்பாடு கொடுக்கிற சிங்களப் பிள்ளை ஒருத்தி, "மாத்தயா ரொம்ப நல்லவர், எல்லாத்துக்கும் ஓம்" என்று சிரிப்பாள். டொக்டர்தான் விளக்கினார். அவர் ஓம் என்பது சம்மதம் இல்லை, வாயில் வேறு சொல் வருகுதில்லை, அவ்வளவுதான் என்றார். இன்னொன்றும் சொன்னார். இந்த வருத்தம் வந்த நோயாளிக்குக் கண்ணீர் லேசில் வரும், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், அதில் அர்த்தம் தேடவும் வேண்டாம்.

அப்படிப் போய் வந்த ஒரு மழை நாளில் பஸ்ஸால் இறங்கும்போது வழுக்கி என் இடது முட்டி திரும்பிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் வைக்கிறேன்.

அவரை உருட்டுகிற சில்லுக் கதிரையில் வைத்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தோம். இடது கையில் பேப்பரைச் சுருட்டிக் கொடுத்தோம். நான் கூடையைத் தலையில் வைத்து நடந்தேன். பேப்பர் மேசையில் தட்டியது. நான் நின்றால் அதுவும் நின்றது. கழுத்தைத் திருப்பினேன். "ஓம்." திருப்பாமல் நடந்தேன். "ஓம்" கொஞ்சம் இழுபட்டது. இத்தனை வருஷம் அவர் கையில் இருந்த பொம்மை நான். அவர் குரலின் ஏற்ற இறக்கம் எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அப்படியே அந்த நடை உண்டாயிற்று.

பிறகு வசந்தி அதைப் பிடித்துக்கொண்டாள். சேர்ந்து நடக்கிற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். வழக்கப்படி விரிப்பைக் கட்டினோம். இந்த முறை நான் மாஸ்டர் பக்கத்தில் நின்றேன். முதல் தடவையாக இந்தப் பக்கமிருந்து பார்க்கிறேன். விரிப்புக்குக் கீழே கால்கள் வந்தன. எல்லாக் கால்களும், வரிசையாக, இடது காலை இழுத்துக்கொண்டு வந்தன.

என்னைப் பார்த்துப் பிடித்தவர்கள் வேறு எப்படிப் பிடிப்பார்கள்? சரோ அக்கா செய்தால் அது மாஸ்டர் சொன்னது. அதுதான் அந்த மண்டபத்தின் சட்டம்.

நான் மாஸ்டரிடம் குனிந்து கேட்டேன். "மாஸ்டர், அது ஆட்டம் இல்லீங்க. எனக்கு முட்டி வலி. பிள்ளைங்க அதையும் சேத்துப் பிடிச்சிட்டாங்க. எடுத்துடவா?"

"ஓம்."

எடுக்கச் சொன்னேன். பிள்ளைகள் நேராக நடந்து வந்தார்கள். மாஸ்டரின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"பழையபடி இருக்கட்டுங்களா?"

"ஓம்."

இழுத்து நடந்தார்கள். அதற்கும் தண்ணீர் ஓடியது.

நான் அவருடைய இடது கையைப் பிடித்தேன். "மாஸ்டர், சொல்ல வேணாம். இழுக்கிறது வேணாம்னா பேப்பரால தட்டுங்க." தட்டினார். "வேணும்னா தட்டுங்க." தட்டினார். மறுபடி கேட்டேன். மறுபடி தட்டினார். அவர் கண் என் கண்ணை விடவே இல்லை. உள்ளே இருந்துகொண்டு அவர் எதையோ சொல்கிறார். அது எனக்கு வந்து சேரவில்லை. கால்களைப் பார்த்துப் பசியைச் சொன்ன மனிதர் அவர். எனக்கு அவரைப் படிக்கத் தெரியும் என்று நினைத்திருந்ததெல்லாம் அன்றைக்குப் போயிற்று. அந்தக் கழுத்துத் திருப்பம், நின்ற இடம், நடந்த வேகம், அதில் எது அவருடையது, எது நான் கேட்க விரும்பிய ஓம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வசந்தி விரிப்பை ஒதுக்கிக்கொண்டு வந்தாள். "இழுக்கிறது இருக்கட்டும் பெரியம்மா. பெட்டிக்காரர் அழுறாரு, பாருங்க."

இழுத்து நடந்துதான் மேடை ஏறியது. சனம் எழும்பி நின்று கைதட்டியது. மாஸ்டர் முன் வரிசையில் கதிரையில் இருந்தார். சில வாரங்களில் போய்விட்டார்.

இதெல்லாம் நடந்து நெடுங்காலம். மாஸ்டர் போன பிறகு நான் மண்டபத்துக்குப் போகவில்லை. பொம்மைக்குத் தையல்காரன் இல்லை. வசந்தியின் வகுப்புக்கும், முட்டியைச் சாக்குச் சொல்லி, மாடிப்படி ஏறியதில்லை. போன மாதம்தான் மலருக்குப் படம் எடுக்க வேண்டுமென்று இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

கண்ணாடி பதித்த பெரிய அறை. ஜன்னலால் கடல் தெரிகிறது; ரயில் போனால் தரை அதிர்கிறது. வசந்தி கையைத் தட்டினாள். சின்னப் பிள்ளைகள், பல் விழுந்து முளைக்காததுகள், வரிசையாக வந்தார்கள். முழங்கை இடுப்போடு ஒட்டியிருந்தது. இடது கால் இழுபட்டது. கண்ணாடியிலும் அப்படியே இன்னொரு வரிசை. ஒரு குறையும் இல்லாத பிள்ளைகள். அவர்களிடம் மாஸ்டரின் உடைந்த தோளும் என் பிசகிய முட்டியும் இருக்கின்றன. அவருடைய மனம் எங்கே என்று தேடினேன். அந்த அறையில் எங்கும் காணவில்லை.

வசந்தியை ஒரு பக்கம் கூப்பிட்டு, இதைச் சொல்லிவிடு, இந்தப் பிள்ளைகளுக்காவது சொல்லிவிடு என்றேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"பெரியம்மா, மாஸ்டர் தோள் உடைஞ்சுதானே கைய இறக்கினாரு? அது பாணின்னா இது ஏன் பாணி இல்ல?"

"அவரு தெரிஞ்சு இறக்கினாரு. இது யாரும் தெரிஞ்சு செய்யல."

"அவரு தெரிஞ்சு செய்யலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புருஷன் போனப்ப எனக்கு மிஞ்சினது இந்த நடை ஒண்ணுதான். இதைப் பிடிச்சுத்தான் நான் எழும்பினேன். இதைப் பொய்யின்னு எழுதிட்டா, என்கிட்ட என்ன இருக்கு, சொல்லுங்க."

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. வாயால் முடியாததை உடம்பால் காட்டலாம் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க அப்படித்தானே செய்தேன். ஊன்றுகிற பொல்லைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கூடையைக் கொண்டுவரச் சொல்லித் தலையில் வைத்தேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒரே ஒரு தரம், இடது காலை நேராகத் தூக்கி வைத்து, அந்த நடையை நடந்து காட்டிவிட வேண்டும்.

கழுத்து உள்ளே போயிற்று. அது மறக்கவில்லை. முதல் அடி வைத்தேன். இரண்டாவதில் முட்டி விட்டுவிட்டது. விழாமல் இருக்க வலது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, இடது காலை முன்னைவிட மோசமாக இழுத்துக்கொண்டு ஜன்னல்வரை போய்ச் சேர்ந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் எனக்குப் பின்னால் வரிசையாக வந்திருந்தார்கள். இடது கால் முன்னைவிட இழுபட்டது. எல்லாரும் வலது கையை இடுப்பில் ஊன்றியிருந்தார்கள்.

"பார்த்தீங்களா பிள்ளைகளே, இதுதான் ஒரிஜினல்" என்றது வசந்தியின் குரல். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. படம் எடுக்க வந்தவர் முழுவதையும் எடுத்துவிட்டார். அந்தக் கையையும் இனிச் சொல்லிக்கொடுப்பார்களாம்.

கையை நான் எடுக்கச் சொன்னேன். என்னை மாடிக்கு ஏற்றிவிட்டவர்கள் 'அன்ரிக்கு எவ்வளவு அடக்கம்' என்றார்கள்.

மாஸ்டரின் ஆட்டம் மறந்து போயிருந்தால்கூட நான் இத்தனை துக்கப்பட்டிருக்க மாட்டேன். மறந்தது மறந்ததுதான். இது அப்படி இல்லை. அது லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஆடப்படுகிறது. நாங்கள் எல்லாரும் செத்த பிறகும் ஆடப்படும். அதைப் பார்த்து அழுகிறவர்களும் இருப்பார்கள்.

கவிதா இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். மலர் வெளியீட்டு மேடையில் இந்த முறை கடலைக்காரி அவள்தான்.

"அப்ப நான் எப்படி நடக்கிறது, அம்மாச்சி?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். இழுத்தால் அது என் முட்டி. இழுக்காவிட்டால் அது மாஸ்டர் கண்ணீர் விட்ட நடை. எது சரி என்று சொல்லக்கூடிய ஒரே ஆளைக் கனத்தை மயானத்தில் எரித்துவிட்டோம். அவள் கேட்டதற்கு ஒரு பதில் இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. இதையும் எழுது என்றேன். எழுதினாள்.

பிறகு தண்ணீர் குடிக்க எழும்பி சமையலறைக்குப் போனாள். தலையில் கூடை இல்லை, பாட்டு இல்லை, பார்க்க ஆளும் இல்லை என்று நினைத்துக்கொண்டு போகிறாள். இடது கால் ஒரு நூல் பின்தங்கிப் போகிறது. அவளுக்கே தெரியாது; நான் சொல்லி இதை எழுதும்போதுதான் தெரியும்.

திரும்பி வந்துவிட்டாள். இது போதும் கவிதா. வசந்தி சித்தியிடம் கொடுக்கும் முன்னால் முதலிலிருந்து எனக்கு ஒருதரம் வாசித்துக் காட்டு. உட்காராதே, நின்று வாசி. இரண்டு காலிலும் நில்.